'சர்வர் டவுன்' என்றால் பையை மடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதானா?

ரேஷன் கடை, பத்திரப்பதிவு அலுவலகம், வங்கிக் கவுன்ட்டர் என்று எங்காவது ஒரு நாள் 'சர்வர் டவுன்' என்ற இரண்டு வார்த்தைகளைக் கேட்டு வெறும் கையோடு திரும்பாதவர் நம்மில் குறைவு. மழை வருகிறது என்று சொல்வதுபோல அதைச் சொல்கிறார்கள். மழையை யார் தட்டிக்கேட்பது என்று நாமும் வந்துவிடுகிறோம். ஆனால் கணினி நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு என்ன தர வேண்டும் என்பதற்கெல்லாம் இந்த நாட்டில் எழுத்துபூர்வமான விதிகள் இருக்கின்றன. பலருக்கும் எழும் சந்தேகங்கள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம்.

'சர்வர் டவுன்' என்றாலே யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. வரிசையில் நிற்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும், உள்ளே மூன்று வெவ்வேறு சங்கதிகள் நடக்கலாம்.

முதலாவது, வெறும் பழுது. 2025 ஏப்ரல் 12-ம் தேதி ஜிபே, போன்பே எல்லாம் மணிக்கணக்கில் திணறின. யாரும் தாக்கவில்லை. 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று' என்று சில வங்கிகளின் கணினிகள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்ததில் யுபிஐ அமைப்புக்கு மூச்சு முட்டிவிட்டது. 2024 ஜூலை 19 அன்று நடந்தது இன்னும் வேடிக்கை. கணினிகளைக் காப்பதற்காகவே இருக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம், நம் நேரப்படி காலை 9.39 மணிக்குக் கோளாறான ஒரு கோப்பை அனுப்பியது. 78 நிமிடத்தில் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியும்விட்டது. அதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி உட்கார்ந்துவிட்டன. படுத்த கணினிக்கு இணையம் வழியாக மருந்து கொடுக்க முடியாது. பலவற்றை ஒவ்வொன்றாகப் போய்க் கையால் எழுப்ப வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தது அன்றுதான்.

இரண்டாவது, தாக்குதல். உள்ளே புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்பார்கள். ரான்சம்வேர் என்பது இதுதான்.

மூன்றாவது, திருட்டு. இதில் எதுவுமே நிற்காது. வரிசை இருக்காது, அறிவிப்புப் பலகை இருக்காது, எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். நம் விவரங்கள் மட்டும் வெளியே போயிருக்கும். என்னைக் கேட்டால் மூன்றிலும் மோசமானது இந்தச் சத்தமில்லாத மூன்றாவதுதான்.

என் கணக்கு ஒரு சிறிய கூட்டுறவு வங்கியில். 2024-ல் ஒரு நாள் யுபிஐ, ஏடிஎம் எதுவும் வேலை செய்யவில்லை. 'எங்கள் மேல் தவறில்லை' என்றார்கள். உண்மையா?

பாதி உண்மை. 2024 ஜூலை 31-ம் தேதி நடந்ததைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் பலவும் சொந்தமாகக் கணினி அமைப்பு வைத்துக்கொள்வதில்லை. சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் சுமார் 300 சிறு வங்கிகள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே ரான்சம்வேர் புகுந்துவிட்டது. உடனே பணப் பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ, அந்த நிறுவனத்தின் இணைப்பையே தற்காலிகமாகத் துண்டித்தது. தெருவில் கம்பி அறுந்து விழுந்தால் டிரான்ஸ்பார்மரையே நிறுத்திவிடுவார்கள் அல்லவா, அதுபோல. துண்டித்தது சரியான முடிவு. மறுநாள் இணைப்பு திரும்பிவிட்டது.

இனி மறுபாதி. நீங்கள் பணத்தைக் கொடுத்தது வங்கியிடம். பின்னால் இருக்கும் நிறுவனத்தின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வேலையைக் குத்தகைக்கு விடலாம், பொறுப்பைக் குத்தகைக்கு விட முடியாது என்பதுதான் வெளிப்பணி விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் நிலை. 300 வங்கிகள் ஒரே தூணில் சாய்ந்து நின்றால், அந்தத் தூண் சரியும் நாளில் கிளையில் என்ன செய்வது என்று 300 வங்கிகளுமே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் பிடித்துவிட்டார்கள். எத்தனை நாள் அலைவது?

அலையவே வேண்டாம். 2019 செப்டம்பர் 20-ம் தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைப்படி, ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்திருந்தால் பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். யுபிஐ-யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் 5 நாள். கெடு தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இதை வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் வங்கியே கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கேட்காமல் கிடைக்கிறதா என்பது வேறு விஷயம். தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448.

பணம் திருடு போயிருந்தால் கணக்கு வேறு. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் எங்கோ நடந்திருக்கிறது என்றால், வங்கி தகவல் அனுப்பிய 3 வேலை நாளுக்குள் நீங்கள் புகார் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் சுழியம். இது 2017 ஜூலை விதி. உங்கள் தவறு என்று நிரூபிக்க வேண்டிய சுமையும் வங்கியுடையதுதான். ஆனால் ஓடிபி எண்ணை நீங்களே யாருக்கோ சொல்லிவிட்டிருந்தால், புகார் செய்யும்வரை போன பணம் உங்கள் தலையில்தான் விழும்.

இவ்வளவு பெரிய நிறுவனங்கள் மாற்று ஏற்பாடு வைத்திருக்க மாட்டார்களா?

வைத்திருப்பார்கள். வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் ஒன்றல்ல என்பதுதான் சிக்கல். இதற்கு 2021 பிப்ரவரி 24-ஐ விட நல்ல பாடம் கிடையாது.

அன்று காலை 11.40 மணிக்குத் தேசியப் பங்குச்சந்தை நின்றது. மும்பையில் பிரதான மையத்தில் கோளாறு. இப்படி ஒரு நாள் வரும் என்பதற்காகவே சென்னையில் ஒரு மாற்று மையம் இருந்தது. முழுச் செலவில் கட்டி, ஆள் போட்டுப் பராமரிக்கப்பட்ட மையம். அதற்கு மாறவில்லை. இதோ சரியாகிவிடும், இதோ சரியாகிவிடும் என்று மணி மூன்றைத் தாண்டியது. சந்தை மூடும் நேரம் நெருங்க, பயந்துபோன தரகர்கள் பலர் வாடிக்கையாளர்களின் அன்றைய கணக்கை மும்பைப் பங்குச்சந்தையில் கிடைத்த விலைக்கு முடித்துவிட்டார்கள். அதன்பிறகு 3.45-க்குத் தேசியப் பங்குச்சந்தை திறந்து 5 மணிவரை நடந்தது. நஷ்டப்பட்டவர்களின் எரிச்சலைச் சொல்லவா வேண்டும்.

மாற்று ஏற்பாட்டில் கடினமான பகுதி இயந்திரம் அல்ல. 'இது சின்னப் பழுது இல்லை, பேரிடர்' என்று யாராவது ஒருவர் துணிந்து சொல்ல வேண்டும். சொன்னால் மேலிடத்தில் கேள்வி வரும், சொல்லாமல் இருந்தால் பத்து நிமிடத்தில் சரியானாலும் ஆகலாம். இந்தத் தயக்கம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. இதற்குத்தான் பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி ஒரு மாதத்துக்குள் கடிகாரத்தைக் கட்டியது: முக்கிய அமைப்பு நின்றால் அரை மணி நேரத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து இயங்க வேண்டும். 2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளில் சந்தை சிறப்பு அமர்வாகத் திறந்தது நினைவிருக்கலாம். பாதியில் மாற்று மையத்துக்கு மாறி, உண்மையான பணத்தில் வியாபாரம் நடத்திப் பார்த்த ஒத்திகை அது.

ஒத்திகை செய்யாதவர்களுக்குத் தண்டனையும் கிடைத்திருக்கிறது. அடிக்கடி சேவை நின்றதால் 2020 டிசம்பரில் எச்டிஎஃப்சி வங்கி புதிய கிரெடிட் கார்டு கொடுக்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2024 ஏப்ரல் 24-ல் கோடக் மகிந்திரா வங்கிக்கு, இணையம் வழியாகப் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கவும் புதிய கிரெடிட் கார்டு தரவும் தடை. நீங்கியது 2025 பிப்ரவரியில். அந்த உத்தரவில் சொல்லப்பட்ட குறைகளில் பேரிடர் மீட்பு ஒத்திகை சரியில்லை என்பதும் ஒன்று.

மருத்துவமனையில் கணினி நின்றால் உயிரே போய்விடாதா?

டெல்லி எய்ம்ஸ் 2022 நவம்பர் 23 முதல் இரண்டு வாரம் அப்படித்தான் ஓடியது. ஐந்து சர்வர்களில் புகுந்த ரான்சம்வேர் சுமார் 1.3 டெராபைட் தகவலைப் பூட்டியது. பதிவு, முன்பதிவு, உள்நோயாளி சேர்க்கை, டிஸ்சார்ஜ், ஆய்வக முடிவு எல்லாம் கையெழுத்துக்கு மாறின. வலைப்பின்னல் முறையாகப் பிரித்து அமைக்கப்படாததைக் காரணமாக அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒரு வீட்டில் எல்லா அறைக்கும் ஒரே பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறுதலான சேதி என்னவென்றால், பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் தப்பியிருந்தது. அதிலிருந்துதான் தகவல்கள் மீட்கப்பட்டன.

காகிதத்துக்குத் திரும்பியதைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காகிதத்தில் மருத்துவமனையை நடத்தத் தெரிந்த மூத்த செவிலியர்களும் குமாஸ்தாக்களும் அங்கே இன்னும் இருந்ததால்தான் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்க முடிந்தது. கேள்வி, அவர்கள் ஓய்வுபெற்ற பிறகு என்ன என்பது. எந்த மருத்துவமனையும் அச்சடித்த படிவக் கட்டு ஒன்றை வார்டு அலமாரியில் வைத்து, வருடத்துக்கு ஒரு ஷிஃப்ட் கணினி இல்லாமல் வேலை செய்து பார்ப்பது செலவே இல்லாத காரியம்.

இன்சூரன்ஸ் நிறுவனத்திலிருந்து என் விவரம் கசிந்தால் எனக்குச் சொல்வார்களா?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் விஷயத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2024 செப்டம்பரில், வாடிக்கையாளர்களின் பாலிசி விவரமும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராமில் கேட்டால் கிடைக்கின்றன என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. 3 கோடியே 10 லட்சம் பேரின் விவரம் கையில் இருப்பதாக ஹேக்கர் சொல்லிக்கொண்டார். நிறுவனம் தாக்குதல் நடந்ததை ஒப்புக்கொண்டது, சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, சேவை பாதிக்கப்படவில்லை என்று அறிவித்தது. பாதிக்கப்படவில்லைதான், கசிவில் எதுவும் நிற்பதில்லை என்று மேலே சொன்னது இதைத்தான். பலருக்கும் முதல் தகவல் பத்திரிகையிலிருந்து வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் கட்டாயம். ஆனால் இது நிறுவனம் அரசுக்குச் சொல்வது. உங்களுக்குச் சொல்வதைக் கட்டாயமாக்குவது 2023-ம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். என்ன கசிந்தது, என்ன விளைவு வரலாம், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் புரியும் மொழியில் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், கசிவைத் தெரிவிக்காமல் மறைத்தால் 200 கோடி வரை. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. இந்தக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது 2027 மே வரை.

இதில் ஒரு ஓட்டை. அபராதம் எத்தனை கோடியானாலும் அரசின் கஜானாவுக்குத்தான் போகும். கசிந்தது உங்கள் சர்க்கரை அளவு. இழப்பீடு உங்களுக்கு இந்தச் சட்டத்தில் கிடையாது.

சரி, கசிந்துவிட்டது. நான் என்ன செய்வது?

பாஸ்வேர்டு என்றால் மாற்றலாம், ரத்த அறிக்கையை மாற்ற முடியாது. அதனால் இனி யாராவது போன் செய்து உங்கள் பாலிசி எண், மகள் பெயர், ஆபரேஷன் நடந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னாலும் அவர் நிறுவனத்தின் ஆள் என்று நம்பாதீர்கள். இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்ற நினைப்பில்தான் பலர் விழுகிறார்கள். ஆதார் செயலியில் கைரேகைப் பூட்டு இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க, நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். டேலியில் பத்து வருடக் கணக்கு. பேக்கப் எடுக்கிறேன். அது போதாதா?

எங்கே வைத்திருக்கிறீர்கள், எப்போது திறந்து பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கல்லாவுக்கு அருகிலேயே, அதே கணினியில் எப்போதும் செருகியபடி இருக்கும் ஹார்டு டிஸ்க் பேக்கப் ஆகாது. ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். தண்ணீர் புகுந்தால் இரண்டும் ஒன்றாக மிதக்கும்.

2017 ஜூன் 27-ல் உலகின் பெரும் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கின் கணினிகளை நாட்பெட்யா என்ற நச்சுநிரல் அழித்தது. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் முனையம்கூட ஸ்தம்பித்தது. யார் யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பதிவை வைத்திருந்த சர்வர்கள் உலகம் முழுக்க இருந்தும் எல்லாம் காலி. ஒன்றே ஒன்று மிஞ்சியது, ஆப்பிரிக்காவில் கானா அலுவலகத்தில். காரணம், தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு! இணைப்பில் இல்லாததால் பிழைத்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவினார்கள். நம் ஊர் மின்வாரியத்தைத் திட்டும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு மின்வெட்டை நம்பியிருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பேக்கப் எடுத்த கையோடு பிடுங்கிவிடுங்கள். ஆயுத பூஜை அன்று கணினிக்குப் பொட்டு வைப்பதோடு நிறுத்தாமல், அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகிக் கணக்கு திறக்கிறதா என்று பாருங்கள். கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஓர் ஊழியர் தவறுதலாகப் பிரதானத் தரவை அழித்துவிட்டார். ஐந்து வகை பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் ஐந்தில் ஒன்றையும் நம்ப முடியவில்லை.

பில் புத்தகம் ஒன்றையும் அச்சடித்து வையுங்கள். ஜிஎஸ்டி ரசீது எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதால் தயங்குகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசை வைத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. கைப்பில்லுக்குத் தனி வரிசை வைத்துவிட்டால் கணினி எழுந்த பிறகு பதிந்துகொள்ளலாம். ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டி இ-இன்வாய்ஸ் போடும் நிறுவனங்கள் வணிகர்களுக்குத் தரும் பில்லுக்கு மட்டும் இது பொருந்தாது. உங்கள் ஆடிட்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் கிளவுடில் இருக்கிறது, நெருப்பும் தண்ணீரும் என்ன செய்யும்?

கிளவுட் என்பது வேறு ஊரில் உள்ள இன்னொருவரின் கட்டடம்தான். 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் டேஜியான் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் அப்படியே போயிற்று. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே நகல் வைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். தொழில்நுட்பத்தில் உலகுக்கு முன்னால் நிற்கும் நாடு அது.

சில நேரம் கணினி, கட்டடம் எல்லாம் நன்றாக இருந்தும் ஆள் வந்து சேர முடியாது. 2015 டிசம்பர் 2-ம் தேதி 'தி இந்து' ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. வெள்ளத்தில் மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை.

கணினித் திரையில் பணம் கேட்டு மிரட்டல் வந்தால் முதலில் என்ன செய்வது?

இணைய வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். பேக்கப் டிஸ்க்கைப் பதறிப்போய்ச் செருகாதீர்கள். பலர் தங்களிடம் இருந்த ஒரே நல்ல நகலையும் இப்படித்தான் இழக்கிறார்கள். திரையைப் போனில் படம் எடுங்கள். தெரிந்த பையனை அழைத்து உடனே ஃபார்மட் செய்யச் சொல்லாதீர்கள், தடயம் எல்லாம் அழிந்துவிடும். பணம் கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் இல்லை. செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தகவல், காவல்துறைக்குப் புகார். வாடிக்கையாளர் விவரம் போயிருக்கலாம் என்று தோன்றினால் அவர்களுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். உங்கள் வாயிலிருந்து கேட்டால் கோபப்படுவார்கள், ஊரார் வாயிலிருந்து கேட்டால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. அந்த எண்ணையும் வங்கிக் கிளையின் எண்ணையும் ஆடிட்டரின் எண்ணையும் போனில் மட்டும் வைத்திருக்காமல், சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் அட்டையில் பேனாவால் எழுதி வையுங்கள்.